மோதகத்தின் யப்பானிய உறவு

(கண்டியில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யப்பானியருடைய உள்ளீடு வைத்த இனிப்புப் பலகாரங்களை வீட்டில் ஆக்கும் விதம்பற்றிப் பேசவேண்டுமென்று இச்சபையார் என்னைப் பணித்தார்கள். நம் பிள்ளைகளிற் சிலர் இன்று உயர்தரப் பரீட்சைக்கு யப்பானிய மொழியை ஒரு பாடமாக எடுப்பதையும், தொழிலின் நிமித்தம் அந்நாடு சென்ற வாலிபர்கள் அங்கிருந்து அனுப்பும் படங்களிலே வெண்மையும் இளஞ்சிவப்புமாக உருண்டு திரண்ட தின்பண்டங்களைக் கண்டு, இவற்றை நம் அடுப்பிலும் ஆக்க இயலுமா என்று தாய்மார்கள் வினவுவதையும் கருதியே அவர்கள் இப்பொருளைத் தெரிந்தெடுத்தார்கள் என அறிகிறேன். இயலும் என்பதே என் விடை. பிள்ளையாருக்கு மோதகம் அவிக்கத் தெரிந்த எந்தக் கைக்கும் இந்தப் பலகாரங்களுக்கு வேண்டிய பழக்கத்தில் முக்காற் பங்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது. எஞ்சிய காற்பங்கையே நாம் கற்கவேண்டும். இதை உபசாரத்துக்காகச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். மோதகத்துக்கும் யப்பானியப் பலகாரத்துக்கும் உள்ள உறவு சரித்திரம் அறிந்த உறவு.

நம் ஊர்க் கட்டுக்கலைச் செல்வ விநாயகர் சந்நிதியிலே சதுர்த்தி நாளில் மோதகம் நிவேதனமாவதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதே விநாயக மூர்த்தம், பாரத தேசத்திலிருந்து மந்திர மார்க்கப் பௌத்தத்தோடு கூடச் சீனதேசம் சென்று, அங்கே தீட்சை பெற்று 806 ஆம் ஆண்டில் தாயகம் மீண்ட கூகாய் என்னும் மகாசாரியர் காலத்தை ஒட்டி யப்பானை அடைந்து, கங்கிதென் என்றும் ஷோதென் என்றும் திருநாமம் பெற்று, ஷிங்கோன், தெந்தாய் ஆகிய இரு சம்பிரதாயத்துக் கோயில்களிலும் இன்றளவும் ஆராதிக்கப்படுகிறது. ஆனைமுகமுடைய இரு உருவங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்பதாக அமைந்த அம்மூர்த்தத்தைப் பெரும்பாலான கோயில்களிற் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதில்லை. திரைக்குப் பின்னே வைத்து எண்ணெய் அபிஷேகம் செய்வார்கள். தோக்கியோ நகரத்து அசகுசாப் பகுதியிலுள்ள மத்சுசியாமாக் கோயிலுக்குச் செல்லும் அடியார்கள் முள்ளங்கிக் கிழங்கை அவருக்குக் காணிக்கையாகக் கொண்டுசெல்வார்கள். முள்ளங்கியோடு அப்பெருமானுக்கு உரிய மற்றொரு நிவேதனம் என்னவென்று கேட்டால், அங்கேதான் நம் வீட்டுப் பண்டம் வேற்றுடை தரித்து வந்து நிற்கிறது.

அதன் பெயர் கன்கிதான். கோதுமை மாவும் அரிசி மாவும் கலந்து பிசைந்த தோலினுள்ளே இனிப்பிட்ட பயற்றுப் பூரணத்தை வைத்து, பொற்காசு முடிந்த சுருக்குப்பையின் வடிவமாக வாயைக் குவித்துத் தாமரை இதழ்போல எட்டு மடிப்பாகக் கிள்ளி, நல்லெண்ணெயிலே நிதானமாகப் பொரித்தெடுப்பார்கள். அந்தப் பூரணத்தில் கறுவா, கராம்பு, சந்தனம் முதலிய ஏழு வாசனைத் திரவியங்கள் சேரும். கியோத்தோ நகரத்தில் 1617 ஆம் ஆண்டில் ஏற்பட்ட கமேயா கியோனாகா என்னும் பலகாரக் கடையார், ஹியேய் மலையிலிருந்த ஆசாரியரிடம் தம் முன்னோர் இதன் செய்முறையைக் கற்றதாகக் கூறி, இன்றும் இதை ஆக்கி வருகிறார்கள். பழங்காலத்திலே உள்ளீடு கனிகளும் கொட்டைகளுமாக இருந்ததென்றும், எடோ எனப்படும் பிற்காலத்திலேதான் பயற்றுப் பூரணம் அவ்விடத்தைப் பெற்றதென்றும் சொல்வார்கள். நம்மவர் பொரிக்கும் மோதகத்தையும் இதையும் ஒரு தட்டில் அருகருகே வைத்தால், எது எந்தத் தேசத்தது என்று கண்ணாற் காண்பவர் சிறிது தயங்கவே செய்வர். முகர்ந்தவுடன் வேறுபாடு விளங்கிவிடும்.

அந்த வாசனைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். கராம்பு யப்பானில் விளைவதன்று. கப்பலேறி அங்கே சென்ற சரக்கு. கண்டியிலும் மாத்தளையிலும் வத்தேகமவிலும் வீட்டுத் தோட்டங்களிலே கராம்பு மரமும் சாதிக்காய் மரமும் மிளகுக் கொடி படர்ந்த நிழல் மரமும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. கறுவாவோ இத்தீவின் பெயரையே உலகறியச் செய்த பட்டை. கியோத்தோவிலே தெய்வத்துக்கென்று அரிதிற் சேர்த்து இடும் வாசனையில் ஒரு பகுதி நம் கொல்லையிலே கிடக்க, நாமோ ஏலக்காய் ஒன்றே இனிப்புக்கு உரியதென்று கருதி, கராம்பை இறைச்சிக் கறிக்கும் பல்வலிக்கும் ஒதுக்கிவிட்டோம். பயற்றுப் பூரணத்திலே ஒரேயொரு கராம்பைப் பொடித்துச் சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். இரண்டானால் மருந்தின் நெடி வந்துவிடும்.

கன்கிதான் தெய்வத்துக்கு உரியது. மனிதர் நாள்தோறும் உண்ணும் பலகாரத்தின் சரித்திரம் வேறு. 1349 ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து ஒரு ஸென் துறவியோடு வந்து நாரா நகரத்திலே குடியேறிய ரின் ஜோஇன் என்பவர், தம் நாட்டிலே இறைச்சி வைத்து அவிக்கப்படும் மாப்பண்டத்தை, புலால் உண்ணாத துறவிகளின் பொருட்டுப் பயற்றுப் பூரணம் வைத்து அவித்துக் கொடுத்தார் என்றும், அதுவே மஞ்ஜூ என்னும் பலகார வர்க்கத்துக்கு மூலம் என்றும் அந்நாட்டார் போற்றுகிறார்கள். நாராவிலே அவருக்குக் கோயிலும் உண்டு. ஒரு பலகாரக்காரரைக் கோயில் கட்டி வணங்கும் ஜனசமூகத்தை நான் மனமார வியக்கிறேன். பின்னாளிலே, மேல்நாட்டு ரொட்டி அங்கு புகுந்தபோதும் அவர்கள் இந்தப் பூரணத்தைக் கைவிடவில்லை: கிமுரா யசுபெய் என்பவர் 1874 இல் ரொட்டிக்குள்ளே அதை வைத்து அன்பான் என்னும் பண்டத்தை உண்டாக்கினார், மறு வருஷம் ஏப்பிரல் 4 ஆந் தேதி அது மெய்ஜிச் சக்கரவர்த்திக்குச் சமர்ப்பிக்கப்பட்டது.

ஆக, தோல் அரிசியாகலாம், கோதுமையாகலாம், ரொட்டியுமாகலாம். பூரணம் ஒன்றே மாறாதது. அதை அங்கோ என்பார்கள். இனி அதை நம் சமையலறையில் ஆக்கும் முறையைச் சொல்கிறேன். என் பேச்சில் அதிக நேரத்தை இதற்கே செலவிடப் போகிறேன், ஏனெனில் பூரணம் செம்மையாக அமைந்தால் மற்றவை தாமாகவே அமையும்.

அவர்கள் வழங்குவது அஸுகி என்னும் செந்நிறச் சிறு பயறு. அதைத் தேடிக் கொழும்புக்குச் சென்று பொதியொன்றுக்கு அதிக விலை கொடுக்கவேண்டிய அவசியம் கிடையாது. நம் சந்தையில் வாங்கும் சிவப்புக் கௌபி அதற்கு நெருங்கிய சாதி. நாம் மோதகத்துக்கு வறுக்கும் பச்சைப் பயறும் அதே குடும்பத்தது. யப்பானின் கிழக்குப் பகுதியிலே மங்கல நாட்களில் ஆக்கும் செஞ்சோற்றுக்கு அஸுகியை விடுத்துக் கௌபியின் இனத்ததையே இடுவார்கள். அஸுகி வேகும்போது வயிறு வெடிப்பதைப் போர்வீரர் குடும்பங்கள் அபசகுனமாகக் கருதியதே அதற்குக் காரணம். ஆதலின் கௌபியை இடுவதால் அவர்கள் ஆசாரத்துக்குக் குறைவு ஏதுமில்லை.

கால் கிலோ கௌபியைக் கல் நீக்கிக் கழுவி இரவில் ஊறவிடுங்கள். அஸுகியை அவர்கள் ஊறவிடாமலே அவிப்பதுண்டு. ஆயினும் 2022 ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டிலே எரிவாயுவுக்காக நாம் நின்ற வரிசைகளை மறவாத எவரும், விரைவில் வேகும் ஊறவைத்த பயற்றின் அருமையை அறிவர். காலையில் ஒரு கொதி வந்தவுடன் அந்த நீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டுப் புதுநீர் விடவேண்டும். பயற்றுத் தோலின் துவர்ப்பு அந்த முதல் நீரோடு போய்விடும்; இதைச் செய்யாதவர் பூரணம் நாவின் பின்புறத்தே ஒரு கசப்பை விட்டுச்செல்லும். பின்பு சிறு தீயிலே, பயறு எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும்படி பார்த்து, பெருவிரலுக்கும் சிறுவிரலுக்கும் இடையே வைத்து மெல்ல அழுத்தினால் மாவாய் நசுங்கும் பக்குவம் வரும்வரை அவியுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் வலியவை. அரைவேக்காட்டுப் பயறும் அவற்றின் இடையே நசுங்கிவிடும். இந்தப் பக்குவம் வருமுன் இனிப்பை ஒரு சிட்டிகையும் சேர்க்கலாகாது. சேர்த்தால் பயறு இறுகிப்போய், பிறகு எத்தனை நாழிகை அவித்தாலும் இளகாது.

இவ்விடத்திலே யப்பானியர் செய்யும் ஒரு காரியம் நம் வழக்கத்தில் இல்லாதது. வெந்த பயற்றை அரிதட்டில் இட்டு அகப்பையால் தேய்த்து, மேலே நீர் வார்த்து, தோல் மேலே தங்கச் சதை மாத்திரம் கீழேயுள்ள பாத்திரத்தில் இறங்கும்படி செய்வார்கள். இறங்கிய குழம்பைச் சிறிது நேரம் அசையாது வைத்தால் அடியிலே மா படியும். மேல்நீரைச் சரித்துவிட்டு மறுபடி நல்ல நீர் விட்டுத் தெளியவைப்பார்கள். இவ்வாறு இரண்டு மூன்று தடவை செய்தபின் வெள்ளைத் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிவார்கள். துணியிலே எஞ்சுவது பச்சைப் பூரணம். விரலிடையே தேய்த்தால் நுண்மணலாய் உணரப்படும், ஆனால் ஒட்டாது. பயற்றின் மாச்சத்து சின்னஞ்சிறு அறைகளுக்குள்ளே அடைபட்டிருக்கிறது. அவிக்கும்போது அறைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றனவே ஒழிய, அவற்றின் சுவர்கள் உடைவதில்லை. உள்ளிருக்கும் மா வெந்தும் வெளியே கசிவதில்லை. உடைந்த அறைகளிலிருந்து கசிந்த சிறிதளவு பசையையும் கழுவும் நீர் கொண்டுபோய்விடும். மின்சார யந்திரத்தில் இட்டு அரைத்தால் அறைகள் உடைந்து பூரணம் பிசின் ஆகும். சாஸ்திரம் இந்தக் காரணத்தை வெகு பிற்காலத்திலே கண்டது. அரிதட்டைக் கையிலெடுத்த பெண்கள் காரியத்தை அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

அடுத்து, அகன்ற தாச்சியில் இந்தப் பூரணத்தையும், உலர்ந்த பயற்றின் எடைக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இனிப்பையும் இட்டுக் கிளறவேண்டும். அவர்கள் வெள்ளைச் சீனி சேர்ப்பார்கள். நான் பாதிச் சீனியும் பாதிக் கித்துள் கருப்பட்டியுமாகச் சேர்ப்பதையே விரும்புகிறேன். முழுவதும் கருப்பட்டியானால் அதன் புகைமணம் மேலோங்கிப் பயற்றின் மணத்தை மறைத்துவிடுகிறது. கருப்பட்டியைச் சிறிது நீரிற் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், அதில் தூசியும் நாரும் இருப்பது வழக்கம். அகப்பையால் நடுவே கோடு கிழித்தால் தாச்சியின் அடி ஒரு கணம் தெரிந்து மறைய வேண்டும்; அள்ளிப் போட்டால் விழுந்த உருவத்திலேயே நிற்கவேண்டும். இறக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்பு நாவுக்குத் தெரியக்கூடாது, ஆனால் அதனால் இனிப்பு தெளிவாகும். ஆறியதும் பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டி ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

நம் மோதகப் பூரணத்தோடு இதை ஒப்பிட்டு ஒரு வார்த்தை. நாம் பயற்றை வறுத்துத் தோல் நீக்கி அவித்து, பருப்பின் உருவம் தெரியும்படி விட்டு, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலமும் கூட்டுகிறோம். அதிலே பல்லுக்கு வேலையும் தேங்காயின் கொழுமையும் உண்டு. யப்பானியர் பூரணத்தில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை. தேங்காய் சேராமையால் அது விரைவில் ஊசுவதுமில்லை. நம்முடையது அன்றன்றே உண்ணத்தக்கது. எது உயர்ந்தது என்ற தர்க்கத்தில் எனக்கு நாட்டமில்லை. ஆனால், இந்த யப்பானியப் பூரணத்தைச் செய்து பழகிய பின்பு, முதல்நீரை வடிப்பதிலும் இனிப்பைக் காலமறிந்து சேர்ப்பதிலும் நமக்கு ஏற்படும் கவனம், நம் சொந்த மோதகத்தையும் செம்மைப்படுத்துகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தோலுக்கு வருகிறேன். வாலிபர்கள் அனுப்பும் படங்களிற் காணும், இழுத்தால் நீளும் வெண்ணிறப் பண்டம் தைஃபுகு எனப்படும். அதற்கு மோச்சி அரிசி என்னும் ஒட்டரிசி இன்றியமையாதது. நம் சோற்றரிசியின் மாச்சத்திலே அமைலோஸ் என்னும் கூறு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ இருக்க, ஒட்டரிசியில் அது இல்லையென்றே சொல்லலாம். அந்தக் கூறு குறையக் குறைய ஒட்டும் இழுபடும் தன்மையும் ஏறும். ஆதலின் நாட்டுப் பச்சரிசி மாவிலே தைஃபுகு செய்ய முயன்று மனம் வருந்தாதீர்கள்.

ஒட்டரிசி வேண்டாத யப்பானியப் பலகாரங்களும் உண்டு. மே மாதம் 5 ஆந் தேதி குழந்தைகளுக்குரிய திருநாளில் அவர்கள் உண்ணும் காஷிவா மோச்சி, பெயரில் மோச்சி இருந்தாலும் சாதாரண அரிசி மாவினாலேயே ஆவது. அதை ஓக் மரத்து இலையொன்றிலே பொதிந்து வைப்பார்கள். புதுத்தளிர் வரும்வரை பழைய இலை உதிராது நிற்கும் மரமாதலால், மக்கள் தலையெடுக்கும்வரை பெற்றோர் நிலைத்திருக்கவேண்டும் என்ற பிரார்த்தனை அதிலே அடங்கும். இலையை உண்பதில்லை, அதன் மணத்தைத்தான் உண்கிறார்கள். இதைக் கேட்கும்போது, கண்டியின் கிராமங்களிலே நம் சிங்களச் சகோதரர்கள் கெந்த இலையின் நடுவே குரக்கன் மாவும் தேங்காயும் பாணியும் சேர்த்து வைத்து அவிக்கும் ஹலப்ப உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். நான் காஷிவா மோச்சியைக் கெந்த இலையிலேயே பொதிகிறேன். வேலியோரத்தில் நிற்கும் மரம்; இலையைக் கழுவித் துடைத்தால் போதும்.

வறுக்காத வெள்ளைப் பச்சரிசி மாவை நன்கு அரித்து, கொதிநீர் விட்டுப் பிசையும்வரை நம் கொழுக்கட்டைக்கும் அதற்கும் ஒரே வழி. அதன்பின் வழி பிரிகிறது. நாம் பச்சையாய் இருக்கும் மாவைத் தட்டிப் பூரணம் வைத்து அவிக்கிறோம். அவர்களோ மாவையே முதலிற் சிறு துண்டங்களாக்கி 20 நிமிஷம் நீராவியில் அவித்து, சூடு ஆறுமுன் சிறிது சீனி தூவி, ஈரத்துணியின் மேலே வைத்து உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி அழுத்திப் பிசைந்து, பின்பே பூரணம் வைத்து மடித்து, மறுபடியும் சில நிமிஷம் ஆவி காட்டுகிறார்கள். இருமுறை வெந்து இருமுறை பிசைபட்ட தோல் பளபளப்பும் மென்மையும் பெறும். சீனி சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று: வெந்த அரிசி மா குளிர்ந்தால் இறுகுவது இயற்கை, சீனி அந்த இறுக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. கண்டியிலும் இதற்கு மேலே உள்ள தோட்டப் பகுதிகளிலும் மாலைக் குளிரில் கொழுக்கட்டைத் தோல் யாழ்ப்பாணத்தைவிட விரைவாக விறைத்துப்போவதைக் கண்டிருப்பீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் கேடு. மிஞ்சியவற்றை மூடி வெளியிலே வைத்து மறுநாள் காலை ஆவி காட்டுங்கள்.

இன்னும் எளியது கோதுமை மாவில் அவிக்கும் மஞ்ஜூ. ஒகினாவாத் தீவின் கறுப்புச் சர்க்கரை அதற்கு விசேஷம் என்பார்கள். நம் கித்துள் கருப்பட்டி அதற்கு இம்மியும் தாழ்ந்ததன்று. 60 கிராம் கருப்பட்டியை 30 மில்லிலீற்றர் நீரிற் கரைத்து வடித்து ஆறவிட்டு, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவையும் 100 கிராம் கோதுமை மாவையும் சேர்த்து, அதிகம் பிசையாமல் ஒன்றுகூட்டி, அரைமணி நேரம் மூடி வைத்துப் பன்னிரண்டு பங்காக்குங்கள். ஒவ்வொன்றையும் விளிம்பு மெல்லிதாகவும் நடு தடிப்பாகவும் தட்டி, தோலைக் காட்டிலும் அதிக எடையுள்ள பூரணத்தை நடுவில் வைத்து, இடக்கையில் சுழற்றிக்கொண்டே வலக்கை விரல்களால் வாயை மூடுங்கள். மோதகம் பிடித்த தாய்மாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இடியப்பத் தட்டிலே அடியிற் கடதாசித் துண்டு வைத்து, மூடிக்குத் துணி கட்டி, 12 நிமிஷம் அவித்தால் மண்ணிறத்தில் வழவழப்பாக எழும்பியிருக்கும்.

நம் பலகாரங்களே மறைந்து வருகையில் பிறர் பலகாரத்தைக் கற்பானேன் என்று இச்சபையிலே சிலர் மனத்தில் எழும் ஆட்சேபத்தை நான் உணர்கிறேன். அது நியாயமான துக்கத்திலிருந்து எழுவது. குழந்தைக்கு முதற் பல் முளைத்தபோது தலைமேற் சொரிந்த பல்லுக்கொழுக்கட்டையை இன்று கடையிலே சொல்லி வாங்கும் வீடுகள் இருக்கின்றன. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பாடியதால் ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டையைப் பாடப்புத்தகத்திலே அறிந்த பிள்ளைகள், அதை வீட்டில் அவிக்கக் கண்டதில்லை. தோட்டங்களிலே தீபாவளிக்குச் சீயம் சுடத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராய் மறைகின்றனர். ஆனால் என் அநுபவத்திலே, யப்பானியப் பலகாரத்தின்மேல் ஆசை கொண்டு அடுப்படிக்கு வந்த பெண்ணும் பையனும், பூரணம் உருட்டத் தெரிந்தவர் யார் என்று தேடிப் போய் நிற்பது அந்தப் பாட்டியிடந்தான். மூன்று தலைமுறை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மா தட்டுவதற்கு எந்த நாட்டுப் பலகாரம் காரணமானாலும் எனக்குச் சம்மதம்.

இறுதியாக, உண்ணும் முறை. யப்பானியர் இப்பலகாரத்தைச் சீனி சேராத பசுந்தேநீரோடு உண்பார்கள். தேநீர்ச் சடங்கிலே பலகாரத்தை முதலில் உண்டு முடித்து, அந்த இனிப்பு நாவில் நிற்கும்போதே கசப்பான தேநீரைப் பருகுவது விதி. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாள்முதல் தேயிலையோடு வாழ்ந்துவரும் இம்மலைநாட்டு மக்களுக்கு இந்த விதி புதிதன்று. லயத்து வீட்டிலே சாயத்தண்ணியை ஒரு கையிலும் கருப்பட்டித் துண்டை மறு கையிலும் வைத்துக் கடித்துக் கடித்துக் குடித்தவர்கள், சீனியைக் கோப்பையிலிட்டுக் கலக்குவதைவிட இனிப்பையும் கசப்பையும் தனித்தனியே நாவுக்குக் கொடுப்பது நல்லதென்று நன்கு அறிந்திருந்தார்கள். ஆதலின் மஞ்ஜூவைப் பரிமாறும்போது பாற்றேநீர் வேண்டாம். பாலின் கொழுமை பயற்றின் மணத்தை மூடிவிடும். நம் மலையின் கறுப்புத் தேயிலையைச் சற்றுக் கடுமையாகவே வடித்து, சீனியிடாமற் கொடுங்கள். ஆளுக்கு ஒன்று போதும். இரண்டாவதைக் கேட்பவருக்கு மறுக்காதீர்கள்.